அரண்மனைக்குத் தலைக்கு எவ்வளவு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தை ஏழெட்டு வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு நகரத்தில் வேலை பார்க்கிறேன். வந்து பதினோரு வருடம் ஆகிறது. போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது.

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பேச்சு வந்தது. மன்னருக்கு அரசு தரும் வருடாந்திர மானியம் 8.63 கோடி பவுண்டிலிருந்து 13.21 கோடி பவுண்டாக ஏறிவிட்டது என்று ஒருவர் போனில் பார்த்துச் சொன்னார். "அடேயப்பா, இவ்வளவா?" என்று நான் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த நண்பர், நல்ல மனிதர்தான், உடனே மூன்று பதில் வைத்தார். தலைக்கு இரண்டு பவுண்டுகூட வராது, ஒரு காபி விலைக்கும் கீழே என்பது முதலாவது. அந்தப் பணமே மன்னருடைய நிலத்தில் வருவது, அவர் நமக்குத் தருவதில் ஒரு பங்கைத்தான் திருப்பித் தருகிறோம், கணக்குப் பார்த்தால் லாபம் நமக்கே என்பது இரண்டாவது. அவர்களைப் பார்க்கத்தான் உலகமே இங்கே சுற்றுலா வருகிறது என்பது மூன்றாவது. கடைசியாகச் சிரித்துக்கொண்டே, "மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று போன வருஷம்தானே சத்தியம் செய்தாய்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர் சொன்னதெல்லாம் சரிதானா? வந்து குடியேறியவன், அதுவும் சத்தியம் செய்தவன், இந்தக் கேள்வியைக் கேட்பதே தப்பா? முடியாட்சியை ஒழிக்க வேண்டும் என்றெல்லாம் எனக்குக் கொள்கை கிடையாது. சம்பளச் சீட்டில் வரிப்பிடித்தத்தைப் பார்க்கிறவன், அவ்வளவுதான்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சொன்ன முதல் கணக்கு சரி. இரண்டாவது சரியில்லை. மூன்றாவதை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். சத்தியத்தைப் பற்றிய கேலியைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்களை உறுத்தியது அதுதான் என்று நினைக்கிறேன்.

காபியிலிருந்து தொடங்குவோம். 13.21 கோடியை பிரிட்டனின் சுமார் 6.9 கோடி மக்களுக்கு வகுத்தால் தலைக்கு 1.91 பவுண்டு வருகிறது. நல்ல காபிக்கு அது காணாது. நண்பரோடு எனக்கு இதில் சண்டையே இல்லை. இன்னும் ஒருபடி மேலே போய், அவர் பக்கமே பேசுகிறேன். இங்கிலாந்தின் பொது மருத்துவ சேவையை ஒரு நாள் நடத்த 50 கோடி பவுண்டுக்கு மேல் ஆகிறது. நாளைக்கே அரண்மனையை இழுத்து மூடி மானியம் முழுவதையும் மருத்துவமனைகளுக்குக் கொடுத்தாலும் காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் தீர்ந்துவிடும். மன்னர் குடும்பம் ஒழிந்தால் ஏழையின் வயிறு நிறையும் என்று மேடையில் முழங்குபவர்கள் இந்த வகுத்தலைச் செய்து பார்த்ததில்லை.

ஆனால் 'தலைக்கு இவ்வளவு' என்பது எதற்கும் பொருந்துகிற வித்தை. ஏழு கோடிப் பேரால் வகுத்தால் எந்தச் செலவும் காபிக்குள் அடங்கிவிடும். ஓர் அமைச்சர் அரசுப் பணம் பத்து லட்சம் பவுண்டில் தன் வீட்டுக்குக் குளியலறை கட்டிக்கொண்டார் என்று வையுங்கள். தலைக்கு ஒன்றரை பென்னிதான். "ஒன்றரை பென்னிக்கா சண்டை போடுகிறீர்கள்?" என்று அவர் கேட்டால் யாராவது ஒப்புக்கொள்வோமா? வகுக்க வேண்டிய தொகையில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள், எதையெல்லாம் விட்டுவிட்டார்கள் என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

அந்த 13.21 கோடியில் இருப்பவை: அரண்மனை ஊழியர் சம்பளம், அரசுமுறைப் பயணங்கள், விருந்துகள், மன்னர் புழங்கும் அரண்மனைகளின் பராமரிப்பு. அப்புறம் பக்கிங்ஹாம் அரண்மனையின் பழைய மின்கம்பிகளையும் குழாய்களையும் கொதிகலன்களையும் மாற்றுகிற பத்து வருட வேலை. அதற்கு மட்டும் மொத்தம் 36.9 கோடி பவுண்டு என்று 2016-ல் மதிப்பிட்டார்கள்.

இல்லாதவற்றில் பெரியது பாதுகாப்புச் செலவு. அரச குடும்பத்தின் காவலுக்கு எவ்வளவு ஆகிறது என்பதை அரசு வெளியிடுவதே இல்லை. வெளியிட்டால் அதுவே பாதுகாப்புக்கு ஆபத்து என்பது அவர்கள் சொல்லும் காரணம். யார் பின்னால் எத்தனை காவலர் என்று சொல்ல வேண்டாம், சரி. ஆனால் மொத்தமாக ஒரே ஓர் எண்ணைச் சொன்னால் அதை வைத்து எந்தத் திருடன் எந்தச் சுவரில் ஏறுவான் என்று எனக்கு விளங்கவில்லை.

பெரிய சடங்குகளும் மானியத்தில் வராது. 2022-ல் எலிசபெத் அரசியின் மறைவுக்கும் இறுதிச் சடங்குக்கும் அரசுத் துறைகள் செலவழித்தது சுமார் 16.2 கோடி பவுண்டு. 2023-ல் சார்லஸின் முடிசூட்டுக்கு ஆனது 7.2 கோடி. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இங்கே இறந்ததற்குத்தான் இரண்டு மடங்கு.

இதையெல்லாம் கூட்டி, கூடவே மன்னருக்கும் இளவரசருக்கும் போகிற நில வருமானங்களையும் சேர்த்து, முடியாட்சியை எதிர்க்கும் 'ரிபப்ளிக்' என்ற அமைப்பு வருடத்துக்கு 51 கோடி பவுண்டு என்று ஒரு கணக்கு வெளியிட்டது. அதில் பாதிக்கு மேல் ஊகம், எதிரியின் கணக்கு என்று அரண்மனை ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அந்த எண்ணில் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் வருடச் செலவு 13 கோடியா 51 கோடியா என்று ஒரு நாட்டில் ஆளாளுக்கு ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், ஊகிப்பவர்களை மட்டும் திட்டிப் பயன் இல்லை.

இனி நண்பரின் இரண்டாவது வாதம். எல்லோரும் சொல்வது, கேட்டவுடன் வாயடைத்துப் போகச் செய்வது. அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

கதை 1760-ல் தொடங்குகிறது. மூன்றாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வருகிறார். அதுவரை மகுடத்துக்குச் சொந்தமான நிலங்களின் வருமானம் மன்னரிடம் போய்க்கொண்டிருந்தது. அதை நாடாளுமன்றத்திடம் விட்டுக்கொடுத்து, பதிலுக்கு வருடத்துக்கு 8 லட்சம் பவுண்டு வாங்கிக்கொள்ள அவர் சம்மதித்தார். அதற்கு 'சிவில் லிஸ்ட்' என்று பெயர். "பார்த்தீர்களா, தன் சொத்தைத் தியாகம் செய்தார்" என்று இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவார்கள்.

சிவில் லிஸ்ட் என்று ஏன் பெயர் வந்தது? ராணுவமும் கடற்படையும் போக, நாட்டின் மற்ற நிர்வாகத்தை நடத்துகிற பொறுப்பு மன்னர் தலையில் இருந்தது. நீதிபதிகளின் சம்பளம், வெளிநாட்டுத் தூதர்களின் செலவு, அதிகாரிகளின் ஓய்வூதியம் எல்லாம் அந்த வருமானத்திலிருந்துதான். அரசாங்கம் நடத்துவதற்காக மன்னரிடம் இருந்த சொத்து அது. அவர் சொந்தச் செலவுக்கென்று தாத்தா எழுதி வைத்ததல்ல. பின்னால் வந்த எழுபது வருடங்களில் அந்தச் சுமை ஒவ்வொன்றாக அரசாங்கத்துக்கு மாறியது. சுமையை இறக்கி வைத்தவர் சொத்தைத் திருப்பிக் கேட்டால், சுமையையும் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் இல்லையா? 2024-25-ல் அந்தச் சொத்தின் வருட லாபம் 110 கோடி பவுண்டு. நீதித்துறையையும் வெளியுறவுத்துறையையும் அதை வைத்து நடத்திக்கொள்ளுங்கள் என்று சொன்னால் எந்த மன்னரும் ஓடிவிடுவார்.

இதை நிரூபிக்க எனக்குப் பிடித்த சாட்சி எட்டாம் எட்வர்ட். 1936-ல் காதலுக்காக முடி துறந்தாரே, அவர்தான். மன்னர் பதவியை விட்டபோது கிரவுன் எஸ்டேட் எனப்படும் இந்த மகுட நிலங்களில் ஒரு பிடி மண்ணைக்கூட அவர் எடுத்துப் போகவில்லை. போகவும் முடியாது. ஆனால் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையும் பால்மோரல் கோட்டையும் அவருடைய சொந்தச் சொத்தாகவே இருந்தன. அடுத்து மன்னரான தம்பி ஆறாம் ஜார்ஜ் அந்த இரண்டையும் அண்ணனிடம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. எது பதவியோடு வந்தது, எது குடும்பச் சொத்து என்று அந்தக் குடும்பத்துக்கே தெளிவாகத் தெரிந்திருக்கிறது. உங்கள் அலுவலகச் சாப்பாட்டு மேசைக்குத்தான் தெரியவில்லை.

சரி, அப்படியானால் மானியத்தை ஏன் அந்த நிலங்களின் லாபத்தோடு முடிச்சுப் போட்டார்கள்? 2011-ல் வந்த சட்டம் அது. அதற்கு முன்பு தொகையை நாடாளுமன்றம் நிர்ணயிக்கும், ஒவ்வொரு தடவையும் சச்சரவு வரும். 1969-ல் எலிசபெத் அரசியின் கணவர் இளவரசர் பிலிப் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றில், அடுத்த வருடம் எங்கள் கணக்கில் துண்டு விழும், சின்னப் படகு ஒன்றை விற்றுவிட்டோம், போலோ விளையாட்டையும் விட வேண்டி வரலாம் என்று புலம்பினார். விலைவாசி ஏற ஏற, 1952-ல் நிர்ணயித்த 4.75 லட்சம் பவுண்டிலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். 1972-ல் அது 9.8 லட்சமாக ஏறியது. ஆனால் கேட்பதும் கொடுப்பதும் எல்லோர் கண் முன்னாலும் நடந்தது. இந்தச் சங்கடமே வேண்டாம் என்றுதான் ஒரு சூத்திரம் கொண்டுவந்தார்கள். கிரவுன் எஸ்டேட்டின் லாபத்தில் 15 சதவீதத்துக்குச் சமமான தொகை மானியம். கவனியுங்கள், சமமான தொகை. லாபம் முழுவதும் கருவூலத்துக்குப் போய்விடும். மானியத்தைக் கருவூலம் தனியாகத் தரும். அந்தச் சதவீதம் வெறும் அளவுகோல்தான்.

அந்த அளவுகோலில்தான் கோளாறு. பக்கிங்ஹாம் வேலைக்காக 2017-ல் 15 சதவீதம் 25 ஆனது. அப்புறம் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தைச் சுற்றி 12 கடல் மைல் வரைக்கும் கடலின் அடித்தளம் கிரவுன் எஸ்டேட்டின் கையில் இருக்கிறது. கடலில் காற்றாலை நடக் கம்பெனிகள் போட்டி போட்டுப் பணம் கட்டின. 2022-23-ல் 44 கோடியாக இருந்த லாபம் அடுத்த வருடமே 110 கோடியாகத் தாவியது. தனக்கு வர வேண்டிய இந்தத் திடீர் லாபத்தைப் பொதுநன்மைக்கு ஒதுக்கும்படி சார்லஸே 2023 ஜனவரியில் கேட்டுக்கொண்டார். அதைப் பாராட்டத்தான் வேண்டும். அரசு சதவீதத்தை 25-லிருந்து 12 ஆகக் குறைத்தது. பாதிக்கும் கீழே! அப்படியும் 2025-26-ல் தொகை 8.63 கோடியிலிருந்து 13.21 கோடியாக ஏறிவிட்டது. நீங்கள் சாப்பாட்டு நேரத்தில் கேட்ட செய்தியின் கதை இவ்வளவுதான். அரண்மனையில் வேலை கூடவில்லை, ஆள் கூடவில்லை. கடலில் காற்று அடித்தது.

உங்கள் ஊர் செவிலியருக்குச் சம்பளத்தை வட கடலின் காற்றை வைத்து யாராவது நிர்ணயிப்பார்களா? இதில் இன்னொரு கொக்கியும் உண்டு. அந்தச் சட்டப்படி ஒரு வருடத்தின் மானியம் முந்தின வருடத்தைவிடக் குறையவே கூடாது. லாபம் விழுந்தால் மானியம் விழாது, லாபம் ஏறினால் மானியம் ஏறும். ஏற மட்டுமே தெரிந்த ஏணி.

சுற்றுலா. வெர்சாய் அரண்மனைக்கு வருடத்துக்கு எண்பது லட்சம் பேர்வரை போகிறார்கள். அங்கே கடைசியாக ஒரு மன்னர் குடியிருந்தது 1789-ல். மன்னர் குடியிருந்தால்தான் கூட்டம் வரும் என்றால் அந்த எண்பது லட்சம் பேரும் யாரைப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் லண்டனில் காவலர் மாறும் சடங்கைப் பார்க்க நிற்கிற கூட்டம் பொய்யில்லை. எவ்வளவு வருமானம் அரச குடும்பத்தால் வருகிறது, எவ்வளவு பழைய கற்களால் வருகிறது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் இந்த வாதத்தில் இரண்டு பக்கமும் நேரத்தை வீணடிக்காமல் இருப்பது நல்லது.

இவ்வளவு சொன்னதால் நான் உங்களைச் செலவைப் பற்றி இன்னும் உரக்கக் கேட்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். செலவு என்ற ஒற்றைப் புள்ளியை வைத்து அரண்மனையோடு மோதியவர்கள் தோற்றுத்தான் போயிருக்கிறார்கள்.

1871-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு விக்டோரியா பத்து வருடமாக வெளியே தலைகாட்டுவதே அபூர்வம். பணம் மட்டும் வாங்கிக்கொள்கிறார், வேலை செய்வதில்லை என்று மக்களிடம் முணுமுணுப்பு. சார்லஸ் டில்க் என்ற இளம் நாடாளுமன்ற உறுப்பினர் அந்த நவம்பரில் நியூகாசிலில் ஒரு கூட்டத்தில் அரச குடும்பத்தின் செலவுகளைப் பட்டியல் போட்டுப் பேசினார். நாடே அதிர்ந்தது, குடியரசுச் சங்கங்கள் பெருகின. அந்தச் சூடு ஆறுவதற்குள் பட்டத்து இளவரசருக்கு டைஃபாய்டு. தந்தை இறந்து சரியாகப் பத்து வருடம், அதே டிசம்பர். ஊரெல்லாம் பிரார்த்தனை. இளவரசர் பிழைத்துக்கொண்டார். அடுத்த பிப்ரவரியில் புனித பவுல் தேவாலயத்தில் நன்றி வழிபாட்டுக்கு அரசி வண்டியில் போனபோது தெருவெல்லாம் மனிதத் தலைகள். மார்ச்சில் டில்க் சிவில் லிஸ்ட் கணக்கை விசாரிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவாக விழுந்த வாக்குகள் 2. எதிராக 276.

ஒரு காய்ச்சல் வந்து போனதில் மொத்தக் கணக்கும் கரைந்துவிட்டது. மக்களுக்கு அந்தக் குடும்பத்தோடு இருப்பது பாசம். பாசத்துக்கு எதிரே ரசீதை நீட்டினால் நீட்டியவன்தான் கஞ்சன் ஆவான். உங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்ததும் அதேதான், சிறிய அளவில்.

அப்படியானால் என்னதான் கேட்பது? எனக்குப் பட்ட பதிலை ஒரு விருந்தை வைத்துச் சொல்கிறேன். 2023 செப்டம்பரில் சார்லஸ் பிரான்சுக்கு அரசுமுறைப் பயணம் போனார். மன்னரின் தலையை வாங்கிய நாடு, மன்னர்கள் கட்டிய வெர்சாயின் கண்ணாடி மண்டபத்தில் இன்னொரு நாட்டு மன்னருக்கு விருந்து வைத்தது. அந்த ஒரு ராத்திரிக்கு ஆன செலவு சுமார் 4.75 லட்சம் யூரோ. அதில் சமையலுக்கு 1.65 லட்சம், குடிவகைகளுக்கு 40 ஆயிரத்துக்கு மேல். குடியரசு என்றால் சிக்கனம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். பிரெஞ்சு அதிபர் மாளிகையின் வருடச் செலவு 12 கோடி யூரோவைத் தாண்டுகிறது, பிரிட்டிஷ் மானியத்துக்கு ஏறக்குறையப் பக்கத்தில்.

ஆனால் அந்த ராத்திரி மதுவுக்கு எவ்வளவு ஆனது என்பது எனக்கு எப்படித் தெரிந்தது? பிரான்சின் தணிக்கை நீதிமன்றம் அதிபர் மாளிகையின் கணக்கை 2009-லிருந்து வருடாவருடம் அலசி வெளியிடுகிறது. விருந்து ரொம்ப அதிகம் என்று அவர்களே எழுதினார்கள், பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. எங்கோ உட்கார்ந்திருக்கும் நான்கூட அதைப் படிக்க முடிந்தது. லண்டனில் மானியத்துக்கு ஆண்டறிக்கை வருகிறது, தணிக்கையும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அந்த வெளிச்சம் பாதி அறைகளுக்கு எட்டுவதில்லை என்பதுதான் என் குறை.

எட்டாத அறைகளில் ஒன்று உயில். சாதாரண மனிதர் இறந்தால் இங்கிலாந்தில் அவருடைய உயிலை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி வாங்கிப் படிக்கலாம். அரச குடும்பத்தின் மூத்தவர்களின் உயில்களை 1911-லிருந்து முத்திரையிட்டு மூடி வைக்கிறார்கள். 2021-ல் இறந்த பிலிப்பின் உயில் 90 வருடத்துக்கு மூடப்பட்டிருக்கிறது. சாதாரண மனிதரின் சொத்தில் 3.25 லட்சம் பவுண்டுக்கு மேல் போனால் பொதுவாக 40 சதவீதம் வாரிசு வரி. அரசரிடமிருந்து அடுத்த அரசருக்குப் போகும் சொத்துக்கு அது கிடையாது. 1993-ல் அரசாங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம்.

1337-ல் பட்டத்து இளவரசருக்காக உண்டாக்கிய கார்ன்வால் எஸ்டேட், மன்னருக்கு வருமானம் தரும் லங்காஸ்டர் எஸ்டேட் இரண்டும் இன்னொரு அறை. இரண்டும் ஆளுக்கு வருடத்துக்கு 2 கோடி பவுண்டுக்கு மேல் உபரி தந்திருக்கின்றன. கம்பெனி வரி கட்டுவதில்லை. வட இங்கிலாந்தின் லங்காஸ்டர் பகுதியில் வாரிசும் உயிலும் இல்லாமல் ஒருவர் இறந்துவிட்டால் அவர் சொத்து அந்த எஸ்டேட்டுக்குப் போகும். நீங்கள் வடக்கே இருக்கிறீர்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

கேட்டால் நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. 1992 நவம்பர் 20-ல் வின்சர் கோட்டை தீப்பிடித்தது. சீரமைப்பை அரசே பார்த்துக்கொள்ளும் என்று அமைச்சர் சொன்னதும் மக்கள் கொதித்துப் போனார்கள். வருமான வரியே கட்டாதவர் வீட்டை நாங்கள் ஏன் கட்டித் தர வேண்டும் என்றார்கள். ஒரு வாரத்துக்குள், அரசி வருமான வரி கட்டச் சம்மதித்திருக்கிறார் என்று பிரதமர் அறிவித்தார். அடுத்த கோடையில் பக்கிங்ஹாம் அரண்மனை நுழைவுச்சீட்டு வாங்கி வருபவர்களுக்குத் திறந்தது. 3.65 கோடி பவுண்டு சீரமைப்புச் செலவில் பெரும்பகுதி அந்த நுழைவுச்சீட்டுப் பணத்தில்தான் தீர்ந்தது.

ஸ்பெயினில் யானையே வந்து கணக்கைத் திறந்தது. நாடு பொருளாதார நெருக்கடியில் தத்தளித்த 2012-ல் மன்னர் ஹுவான் கார்லோஸ் போட்ஸ்வானாவுக்கு யானை வேட்டைக்குப் போயிருந்தார். அங்கே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதால்தான் விஷயமே வெளியே வந்தது. ஊன்றுகோலோடு கேமரா முன் நின்று, தப்பு செய்துவிட்டேன், இனி நடக்காது என்று மன்னிப்புக் கேட்டார். மகன் ஃபெலிப்பே பட்டத்துக்கு வந்த பிறகு 2020-ல் அப்பாவின் உதவித்தொகையை நிறுத்தினார். 2022-ல் தன் சொத்து சுமார் 26 லட்சம் யூரோ என்று வெளியிட்டார். அரண்மனைக் கணக்கை நாட்டின் தணிக்கை மன்றம் பார்க்கவும் அதே வருடம் ஆணை வந்தது. ஸ்பெயின் அரச மாளிகையின் பட்ஜெட் வருடத்துக்கு 84 லட்சம் யூரோதான். காவல் செலவு அதிலும் சேராது, அது வேறு கதை. ஆனால் முடியாட்சியை வைத்துக்கொண்டே அலமாரியைத் திறக்க முடியும் என்பதற்கு அவர்களே உதாரணம்.

நம் நாட்டு மன்னர் மானியக் கதையையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். சமஸ்தானங்கள் இணைந்தபோது அரசர்களுக்கு வரியில்லாத மானியம் தருவதாக அரசியல் சட்டத்தின் 291-ஆவது பிரிவில் எழுதிக் கொடுத்தோம். மைசூருக்கு வருடம் 26 லட்சம் ரூபாய், கத்தோடியா என்ற குட்டி சமஸ்தானத்துக்கு வருடம் 192 ரூபாய். 1970-ல் மொத்தத் தொகை 5 கோடிக்கும் கீழே இறங்கியிருந்தது. தலைக்குப் பத்துப் பைசாகூட இல்லை. அன்றைக்கும் ஒரு காபிக்குக் காணாது! மானியத்தை ஒழிக்கும் மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு முழு வாக்குகூட அல்ல, ஒரு வாக்கின் பின்னம் குறைந்ததால் தோற்றது. அதன் பிறகு அரசர்களின் அங்கீகாரத்தை நீக்கிக் குடியரசுத் தலைவர் போட்ட ஆணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தேர்தல் வந்து, 1971 டிசம்பரில் 26-ஆவது திருத்தம் மூலம்தான் போனது. ஐந்து கோடியை மிச்சம் பிடிக்கவா அத்தனை பாடு? பிறப்பால் ஒருவருக்குப் பொதுப் பணம் போகலாமா என்பதுதான் அன்றைய கேள்வி. எழுதிக் கொடுத்த வாக்கை மீறலாமா என்று எதிர்த்தரப்பு கேட்டதும் நியாயமான கேள்விதான் என்று இன்றும் நினைக்கிறேன். எதையும் காபியால் அளக்காமல் இரண்டு பக்கமும் நேராகப் பேசின.

இப்போது உங்கள் சத்தியத்துக்கு வருகிறேன். அந்த உறுதிமொழியை எடுத்துப் பாருங்கள். மூன்றாம் சார்லஸுக்கும் அவர் வாரிசுகளுக்கும் 'சட்டப்படி' உண்மையாக இருப்பேன் என்று இருக்கும். அடுத்த பத்தியில் நாட்டின் உரிமைகளையும் சுதந்திரங்களையும் மதிப்பேன், ஜனநாயக விழுமியங்களைக் காப்பேன் என்றும் சொல்லியிருப்பீர்கள். அந்த ஜனநாயகத்தில் மன்னரின் கைச்செலவை நாடாளுமன்றம் கேள்வி கேட்பது முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட வழக்கம். உங்கள் நண்பர் அங்கே பிறந்ததால் எந்த உறுதிமொழியும் எடுத்திருக்க மாட்டார். கேட்கிற பொறுப்பை வாய்விட்டு ஏற்றுக்கொண்டவர் அந்த மேசையில் நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும்.

செய்ய வேண்டியது என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். பக்கிங்ஹாம் வேலை 2027-ல் முடிய வேண்டும். அந்த வேலைக்காகத்தான் 2017-ல் சதவீதத்தை உயர்த்தினார்கள். வேலை முடிந்த பிறகும் ஏற மட்டுமே தெரிந்த அந்த ஏணி சட்டத்தில் அப்படியே இருந்தால் தொகை தானாக இறங்காது, சட்டத்தைத் திருத்தினால்தான் இறங்கும். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி இரண்டே விஷயம் கேளுங்கள்: அந்த ஏணியை எடுக்க வாக்களிப்பாரா? பாதுகாப்புச் செலவை மொத்தமாக ஒற்றை எண்ணாகவாவது வெளியிடச் சொல்லிக் கேட்பாரா? பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், தளத்தில் போடுகிறேன்.

அன்புடன்.